தோட்டம்மனின் மருமகள்

டோக்கன் அக்காவிடம் செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகிறவர்களில் பாதிப் பேருக்கு, தாங்கள் கும்பிடப் போகிற சாமிகளில் ஒன்று அவளுடைய சொந்த அத்தை என்பது தெரியாது. தெரிந்தவர்கள் செருப்பை நீட்டும்போதே கொஞ்சம் குனிந்து நீட்டுவார்கள். அவளும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

கிழக்கு வாசலுக்கு எதிரே தகரக் கூரை போட்ட நீளமான அறை அவளுடையது. மூன்று சுவரிலும் புறாக்கூண்டு மாதிரி மரத்தடுப்புகள். நடுவில் ஒரு மேசை, ஆணிகளில் தொங்கும் பிளாஸ்டிக் டோக்கன்கள். மழை நாளில் அந்த அறைக்குள் யாரும் மூக்கை நீட்ட மாட்டார்கள். அவள் மட்டும் காலையிலிருந்து மாலை வரை அசையாமல் உட்கார்ந்து, "ரெண்டையும் சேர்த்துக் குடுங்க சார், ஒத்தச் செருப்புக்கு நான் பொறுப்பில்ல" என்று அதட்டிக்கொண்டிருப்பாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் சாலையில்தான் இருப்பார். வீட்டில் வயதான அப்பாவும், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரே மகளும்.

கோயில் மிகப் பழையது. யார் கட்டியது என்பதில் கல்வெட்டு படிக்கிறவர்களுக்கே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் கதையில் யாருக்கும் சண்டை கிடையாது. நாணல் காடாக இருந்த இடத்தில் அம்மன் தானாக எழுந்தருளியிருந்தாள். ஒரு குயவரின் மகள் தினமும் புது அகலில் விளக்கேற்றிக் கொண்டுவந்து வைப்பாள். ஒருநாள் உச்சிவேளையில் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அப்பன் ஓடிவந்து பார்த்தால் கருவறைப் படியில் அவளுடைய ஒற்றைத் தோடு கிடக்கிறது. "உன் மகள் என்னோடு கலந்துவிட்டாள். தேடாதே" என்று உள்ளிருந்து குரல் வந்ததாம். அம்மன் சிலையின் ஒரு காதில் தோடு இருக்கும், மறு காது மூளியாக இருக்கும். உச்சிவேளைப் பூசை முடிந்து நடை சாத்தும்போது வெளியேறுகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற வழக்கமும் அன்றிலிருந்து வந்ததுதான் என்பார்கள்.

இது பழங்கதை. டோக்கன் அக்காவின் குடும்பத்துக் கதை அதற்கு மேல் வளர்ந்த கிளை.

கோயில் சாவிகளை வைத்திருக்கும் பொறுப்பு அவளுடைய தாத்தாவிடம் இருந்தது. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்தாயிற்று. அந்தக் குழந்தைதான் இன்றைய டோக்கன் அக்கா. அத்தைதான் அவளை எந்நேரமும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாளாம். அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாளும் நெருங்கியிருந்த ஒரு நண்பகலில், கோயிலுக்குப் போனவள் திரும்பவில்லை. படியில் ஒற்றைத் தோடு கிடந்தது. தாத்தா முதலில் தரையில் விழுந்து புரண்டார். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார். தேடப் புறப்பட்டவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். தோடு கிடந்த பிறகு தேடினால் அம்மனையே சந்தேகப்படுவதாக ஆகிவிடும் அல்லவா?

வடக்குப் பிராகாரத்தில் ஒரு மாடம் எழும்பியது. உள்ளே ஒரு சின்னக் கற்சிலை, பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தோடு. ஜனங்கள் அவளைத் தோட்டம்மன் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் அதைத் தோட்டத்து அம்மன் என்று எடுத்துக்கொண்டு, கத்தரிச் செடியில் பூச்சி விழுகிறது என்று வந்து வேண்டிக்கொள்வதும் உண்டு. செடி பிழைத்துக்கொண்டதாக நன்றி சொல்லவும் வருவார்கள்.

ஆனால் தோட்டம்மன் பேர் வாங்கியது வேறு விஷயத்தில். கல்யாணம் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பெண்களை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெண் ஒரு காதுத் தோட்டைக் கழற்றி மாடத்தில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அதற்கப்புறம் மறுபேச்சு பேசக் கூடாது. பேசினால் குடும்பத்துக்கு ஆகாது. எத்தனையோ பெண்கள் சிவந்த கண்ணோடு வந்து, ஒற்றைக் காதோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய செருப்புகளை வாங்கி வைத்தது டோக்கன் அக்காதான். "எங்க அத்தை பார்த்துக்குவா, அழாதே" என்று தைரியமும் சொல்லி அனுப்புவாள்.

அவளுக்கு அதில் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அத்தை. பரீட்சைக்கு அத்தை. பிரசவ வலியில் அம்மாவைக் கூடக் கூப்பிடாமல் அத்தையைத்தான் கூப்பிட்டுக் கத்தினாள். அதனால் தன் மகளே, "பையன் நல்லவனாத்தான் இருக்கட்டும், எனக்கு இப்ப வேண்டாம்மா" என்று பிடிவாதமாக நின்றபோது, அவள் அதிகம் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுத் தயாராக இருக்கச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம் தலைகீழானது.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு, பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரரிடம் மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தபோது, ஒரு வயதான பெண்மணி வந்து நின்றாள். கழுத்து வரை வெட்டிய நரைமுடி, நூல் புடவை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கயிறு கட்டிய விளையாட்டு ஷூ.

"குனிய முடியலம்மா. கொஞ்சம் அவிழ்த்து விடுறியா?"

அவசரத்திலும் அவள் குனிந்து அவிழ்த்துவிட்டாள். அந்தப் பெண்மணி அவளுடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கனை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

மாடத்தின் முன்னால் சின்னக் கூட்டம். அர்ச்சகர் கதையைச் சொல்லி முடித்து, தட்டை நீட்டினார். "தோட்டைக் கழட்டி இதுல வைம்மா. உன் சொந்த ரத்தம்தான் உள்ள உக்காந்திருக்கா. உனக்குக் கெடுதல் நினைப்பாளா?"

மகள் காதில் கை வைத்தாள். திருகாணி எளிதில் கழலவில்லை. உதடு கோணிக்கொண்டு வந்தது.

"குடுக்காதே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். ஷூ போட்டு வந்த அந்தப் பெண்மணி.

"யாரும்மா நீங்க? பூசை நடக்கிற இடத்துல..." என்றார் அர்ச்சகர்.

"அந்தக் கல்லு யாருன்னு இவ்வளவு நேரம் கதை சொன்னியே, அது நான்தான். நான் எதுலயும் கலக்கல. பின்வாசல் வழியா ஓடிப் போனேன். பொண்ணே, தோட்டைக் கழட்டாதே."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். யாரோ, "பைத்தியம், வெளிய கொண்டு போங்க" என்றார்கள். டோக்கன் அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. தன் தெய்வத்தை, தன் குடும்பத்தை, நடுக்கோயிலில் ஒருத்தி வந்து ஓடுகாலி என்கிறாள். கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள்.

அந்தப் பெண்மணி நகரவில்லை. "கட்டெறும்பே, கடிச்சிடாதே" என்றாள் மெதுவாக.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கட்டெறும்பு என்று அவளை இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் கூப்பிட்டாள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பல் முளைத்த புதிதில் இடுப்பில் உட்கார்ந்தபடியே தோளைக் கடித்து வைப்பாளாம். அம்மாவும் அப்பாவும் அத்தையும் தவிர அந்தப் பேர் யாருக்கும் தெரியாது. அவளுக்குக் கண் இருட்டியது. மகள்தான் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

மூன்று பேரும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தாவுக்குப் பிறகு சாவியை வாங்கியவர், முட்டிவலி வந்து படுக்கும்வரை தினமும் கோயிலைத் திறந்து மூடியவர். தோட்டம்மனின் அண்ணன் என்று முதல் விபூதி அவருக்குத்தான் வரும். வாசலில் நின்ற பெண்மணியைப் பார்த்தார். வானொலியை அணைத்தார்.

"ஏன் வந்த?" என்றார்.

யார் என்று கேட்கவில்லை. அதுதான் டோக்கன் அக்காவை அடித்துப்போட்டது. கோயிலில் விழுந்த அடியை விட இது பெரிது.

"அப்பா... உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மகள் பக்கம் திரும்பவே இல்லை. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "போன்ல ஒரு வீடியோ வந்துச்சுண்ணே. என் தோடு பெட்டிக்குள்ள இருக்கு. என்னைக் காட்டிப் பொண்ணுங்களை மிரட்டுறாங்க. எனக்கு மயக்கமே வந்துடுச்சு. நீ தோட்டை வெப்பேன்னுதான் சொன்ன. கோயில் கட்டுவேன்னு சொல்லலையே."

"நான் கட்டலடி. அதுவா வளர்ந்துடுச்சு."

அப்புறம் அப்பா சொன்னார். பேசிய மாப்பிள்ளைக்கு அதற்கு முன் இரண்டு மனைவிகள் இருந்தார்கள். இரண்டு பேரும் அடுப்பில் தீப்பிடித்துச் செத்தார்கள். ஒருத்திக்கு அப்படி ஆனால் விபத்து என்று சொல்லலாம். தாத்தாவிடம் எடுத்துச் சொன்னதற்கு, வாக்குக் கொடுத்தாயிற்று என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். வாடிய பூக்களை வெளியே கொண்டுபோகும் சின்னக் கதவின் சாவியை அப்பாதான் திருடினார். உச்சிவேளையில் தங்கையை வெளியே விட்டார். ஒரு தோட்டை வாங்கிக் கருவறைப் படியில் வைத்தார்.

"திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு பாரு, அதான் எங்களுக்கு வழி விட்டுது. கதை தெரிஞ்ச ஜனங்களுக்கு ஒரு தோடு போதும். யாரும் தேட மாட்டாங்கன்னு நெனச்சேன். தேடல."

"தாத்தாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா!"

"எப்படிச் சொல்றது? சாகும்போது அவரு சிரிச்சிக்கிட்டே செத்தாரு. மக தெய்வமாயிட்டான்னு."

டோக்கன் அக்காவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அத்தையின் பக்கம் திரும்பினாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் உன்னைத்தான் வேண்டிக்கிட்டேன். இவளைப் பெத்தப்ப நான் கத்தினது உன் பேரைத்தான். நீ எங்க இருந்த?"

"மீன் தொழிற்சாலையில" என்றாள் அத்தை பாவமாக. "இறால் தோல் உரிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்."

மகள் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தையின் கதை நீளமானது இல்லை. கடலோர நகரம் ஒன்றில் வேலை, வயது கடந்து ஒரு வானொலி மெக்கானிக்கோடு கல்யாணம், குழந்தை இல்லை, போன வருடம் அவரும் போய்விட்டார். இன்னொரு தோடு எங்கே என்று அப்பா கேட்டார். "மறுநாளே வித்துட்டேன். பசிச்சுது" என்றாள். பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, அதுக்கப்புறம் அவன் யாரைக் கட்டினான்?"

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுண்ணே."

"அவன் குடிச்சே செத்துட்டான். அந்தப் பொண்ணு இருக்கா. சந்தைப் பக்கம் தையல் கடை வெச்சிருக்கா. கழுத்துலேர்ந்து இந்தக் கன்னம் வரைக்கும்..." என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். முடிக்கவில்லை.

டோக்கன் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "எனக்கு ரவிக்கை தைக்கிறாங்களே, அந்த டெய்லர் அக்காவா? சமைக்கும்போது பத்திக்கிச்சுன்னு சொன்னாங்களே!" வருஷக்கணக்காக அளவெடுக்கக் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கழுத்தைச் சுற்றிய துணியை வெயில் காலத்தில்கூட ஏன் எடுப்பதில்லை என்று மனதுக்குள் கேலியும் செய்திருக்கிறாள். இப்போது தன் உடம்பிலேயே தோல் வழன்றது போலிருந்தது.

மறுநாள் அப்பா கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மாடத்தின் முன்னால் இறக்கினார்கள். செய்தி ஏற்கெனவே பரவி, கூட்டம் முட்டி மோதியது. அப்பா தடுமாறாமல் எல்லாவற்றையும் சொன்னார். சாவி, சின்னக் கதவு, தோடு. "சாமி வெக்கல. நான் வெச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

கல்லெறி விழும் என்று டோக்கன் அக்கா பயந்திருந்தாள். நடந்ததோ வேறு. கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள், "உங்களை வெக்க வெச்சதே அவதானேய்யா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். முந்தின நாள் விரட்டிய அர்ச்சகர், "தாயே, நேர்ல வந்துட்டியா!" என்று அத்தையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எந்திரிப்பா, எந்திரி. நான் சாமி இல்ல. எனக்கு சர்க்கரை வியாதி இருக்கு" என்று அத்தை பதறினாள். யார் கேட்டார்கள்? தொடுவதற்கு ஆயிரம் கை நீண்டது. ஒருவர் குழந்தையை அவள் மடியில் போட்டார். எப்படியோ தப்பித்து வெளியே வந்தால், தடுப்பில் வைத்திருந்த அந்த விளையாட்டு ஷூ ஜோடியைக் காணோம். யாரோ பக்தியோடு எடுத்துப் போய்விட்டார்கள். டோக்கன் அக்காவின் அறையில் அதுவரை செருப்பு காணாமல் போனதே கிடையாது.

அத்தை வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "கட்டெறும்பே, என்னை அந்தத் தையல் கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், துணிக் குவியல். டெய்லர் அக்கா மிதிப்பதை நிறுத்தினாள். எழுந்திருக்கவில்லை.

"தெரியும். சந்தை முழுக்க இதே பேச்சுதான். உக்காருங்க" என்றாள்.

அத்தை உட்காரவில்லை. "நான் ஓடினதாலதான் அவன் உன்கிட்ட வந்தான். என்ன சொல்றதுன்னு தெரியலம்மா."

"நீங்க ஓடினது தப்பில்ல. நானும் ஓடியிருப்பேன்." அவள் கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அவன் அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? எங்க பையனுக்குப் பேசின பொண்ணு சாமியாயிடுச்சு, அவ்வளவு ராசிக்காரப் பையன்னு சொன்னாங்க. முன்ன ரெண்டு பேரு செத்தது எங்கப்பாவுக்கும் தெரியும். யோசிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு. இதைக் கேட்டதும் சரின்னுட்டாரு."

டோக்கன் அக்கா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு ஓடிட்டான்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஏன் ஓடினான்னு எங்கப்பா கேட்டிருப்பாரு. அது போதும் எனக்கு. என்னையும் தோட்டம்மன்கிட்டதான் கொண்டு போய் நிறுத்தினாங்க. நான்தான் முதல்ல தோடு வெச்சவ."

மிஷின் மேல் ஒரு சட்டை பாதித் தையலில் கிடந்தது. அத்தை அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு ஊமையாக அழுதாள். டெய்லர் அக்கா தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

அன்று மாலை டோக்கன் அக்கா இதை அப்பாவிடம் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். "ஒருத்தியைக் காப்பாத்திட்டோம்னு நிம்மதியா தூங்கினேன்மா, இத்தனை வருஷமும்" என்றார். அதற்குப் பிறகு அவர் முதல் விபூதி வாங்கவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தபோதும் கையை நீட்டவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

மாடம் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று அத்தை நிர்வாகத்திடம் போய்ச் சொன்னாள். நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், நாங்கள் கை வைக்க முடியாது என்றார்கள். நேரில் வந்த அம்மன் மூலவலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்த பிறகு, ஜனங்கள் மெல்ல அவளை விட்டுவிட்டுக் கல்லுக்கே திரும்பிவிட்டார்கள். அத்தை மருமகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பகலில் தையல் கடைக்குப் போய்க் கொக்கி வைத்துக் கொடுக்கிறாள், பித்தான் தைக்கிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவுதான். ஆனால் ஸ்டூல் இப்போது இரண்டு ஆகியிருக்கிறது.

மகளின் கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரே, ஊரை ஏமாற்றிய குடும்பம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் அன்றைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

டோக்கன் அக்காதான் ரொம்ப மாறிப்போனாள். சிவந்த கண்ணோடு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு யாராவது வந்தால், அவள் செருப்பை வாங்குவதில்லை. முதலில் உட்காரச் சொல்லி, சாவியிலிருந்து தையல் கடை வரை முழுதாகச் சொல்கிறாள். சிலர் திட்டிவிட்டு, எதிர்க் கடையில் செருப்பை விட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் கேட்டுவிட்டு, இருந்தாலும் வந்தது வந்தாயிற்று என்று உள்ளே போகிறார்கள். போன வாரம் வந்த ஒரு தகப்பன் அப்படித்தான் எழுந்து, "வாம்மா, நேரமாகுது" என்றார்.

பெண் எழுந்திருக்கவில்லை. டோக்கன் அக்காவைப் பார்த்து, "அந்தத் தையல் கடை எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள்.